டேங்கரின் பின்பலகை யாருக்காக?

நெடுஞ்சாலையில் கேஸ் டேங்கர் ஒன்றின் பின்னால் வண்டி ஓட்டிச் செல்பவரின் கண்ணில் முதலில் படுவது அதன் பின்புறத்துப் பலகைதான். சாய்த்து நிறுத்திய சிவப்புச் சதுரம், அதனுள் ஒரு தீச்சுடர், பக்கத்தில் 1075 என்ற நான்கிலக்க எண், ஓர் இலக்கமும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் சேர்ந்த ஒரு குறியீடு, கீழே சில தொலைபேசி எண்கள். இவை எல்லாம் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளை ஒட்டி வந்தவை. அவற்றில் 129 முதல் 137 வரையுள்ள விதிகள் ஆபத்தான சரக்குகளைச் சாலையில் கொண்டுசெல்வதைப் பற்றிப் பேசுகின்றன. பொருளின் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், ஐ.நா. எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில், வகைச் சின்னம் 250 மில்லிமீட்டர் சதுரத்தில் இருக்க வேண்டும் என்று அளவுகூடச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆபத்தை எழுதி வைப்பதில் நம் விதிகள் இவ்வளவு அக்கறை காட்டுகின்றன. ஆனால் விபத்து நடந்த முதல் சில நிமிடங்களில் அந்த எழுத்துக்கு அருகில் யார் நிற்பார்கள், அவர்களால் அதைப் படிக்க முடியுமா, படித்தால் என்ன செய்வார்கள் என்பதில் அந்த அக்கறை பாதிகூட இல்லை. பொறுப்பைப் பங்கிடும் இடத்திலும் இதே கோளாறு. சுமையில் பெரும்பகுதி, அதை மாற்றும் அதிகாரம் மிகக் குறைவாக உள்ள ஓட்டுநரின் தலையில் வந்து விழுகிறது.

விதிகளின் பலத்தை முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒரே அமிலத்தை ஒரு நிறுவனம் ஒரு வணிகப் பெயரில் விற்கும், இன்னொன்று வேறு பெயரில் விற்கும். 1830 என்ற எண்ணோ தூத்துக்குடியிலும் ராட்டர்டாமிலும் கந்தக அமிலத்தைத்தான் குறிக்கும். பலகையிலுள்ள குறியீடு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் முதல் இலக்கம் எதைக் கொண்டு தீயணைப்பது என்று சொல்கிறது: 1 என்றால் நீர்ப்பாய்ச்சல், 2 என்றால் நீர்ப்புகை, 3 என்றால் நுரை, 4 என்றால் தண்ணீரே படாத உலர் பொருள். கடைசியில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவது பற்றி யோசி என்று பொருள். பயிற்சி பெற்ற தீயணைப்பு அதிகாரி ஒருவர், தொலைநோக்கி வழியாகப் பார்த்தே, வண்டியை நெருங்காமல் முடிவெடுக்கலாம். கலனின் கட்டுமானத்துக்கும் தனி விதிகள் உண்டு. அவற்றின் பயனைக் கோவை கண்ணால் கண்டது. 2025 ஜனவரி 3 அன்று அதிகாலையில், கொச்சியிலிருந்து வந்த சுமார் 18 டன் எரிவாயு டேங்கர் ஒன்று அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்தது. வாயு கசிந்தது. தீயணைப்புப் படையினர் தொடர்ந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது, கசிவு அடைக்கப்பட்டது, கிரேன்கள் வந்து கலனைத் தூக்கின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. கவிழ்ந்த பிறகும் கலன் பிளக்காமல் நின்றதற்கு விதிகளுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். விதிகள் வெறும் காகிதம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

ஆனால் கோவையில் விபத்து நடந்தது சாலை வெறிச்சோடிக் கிடந்த நேரத்தில், பெருநகரின் நடுவில், தீயணைப்பு நிலையத்துக்கு எட்டும் தூரத்தில். கண்ணூரை அடுத்த சாலாவில் 2012 ஆகஸ்ட் 27 இரவு கவிழ்ந்த டேங்கருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இருபது பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சாலையோர வீடுகளில் இருந்தவர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வெளியேறியதும் மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு படர்ந்து, சாக்கடையிலும் பள்ளத்திலும் வாசற்படியிலும் இறங்கித் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் அடுப்பை அணைப்பது, மின்விளக்கு சுவிட்சைத் தொடாமல் இருப்பது, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மேட்டுப் பக்கமாக, காற்று வரும் திசை நோக்கி நடந்து வெளியேறுவது ஆகிய மூன்றும் தெரிந்திருந்தால் உயிர் பிழைக்கலாம். பலகையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஜெய்ப்பூர் பாங்க்ரோட்டாவில் 2024 டிசம்பர் 20 காலையில், யு-டர்ன் எடுத்துக்கொண்டிருந்த எரிவாயு டேங்கர்மீது லாரி மோதியபோது, வால்வு முனைகள் உடைந்து புகைபோலப் பரவிய வாயு, பின்னால் வந்த பேருந்து உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைச் சூழ்ந்து தீப்பிடித்தது. சுமார் இருபது பேர் மாண்டார்கள். பாகிஸ்தானின் அகமதுபூர் கிழக்கில் 2017 ஜூன் 25, பெருநாளுக்கு முந்தைய நாள், கவிழ்ந்த டேங்கரிலிருந்து ஒழுகிய பெட்ரோலைக் குடத்திலும் கேனிலும் பிடிக்கக் கூடிய ஊர் மக்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் கருகி இறந்தார்கள். அவர்களின் வறுமையைப் பேசுவோர் உண்டு, பேராசையைப் பழிப்போரும் உண்டு. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தங்களைச் சூழ்ந்திருக்கிறது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். இந்த இடங்களில் எல்லாம் முதல் நிமிடங்களில் வண்டிக்கு அருகில் இருந்தவர்கள் குறியீட்டைப் படிக்கப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர்.

படிக்கக்கூடிய ஒருவர் ஓட்டுநர். அவரிடம் ‘ட்ரெம் கார்டு’ எனப்படும் அவசரக்கால அட்டை இருக்க வேண்டும், அது அவருடைய கேபினில் இருக்க வேண்டும் என்கிறது விதி. விபத்தில் முதலில் நசுங்குவதும் எரிவதும் அந்தக் கேபின்தான். 136ஆம் விதிப்படி, விபத்து நடந்தவுடன் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் வண்டி உரிமையாளருக்கும் தகவல் தர வேண்டியவரும் அவரே. நினைவிழந்து கிடக்கும் மனிதரை நம்பி எழுதப்பட்ட விதி இது. ஐரோப்பிய நாடுகள் இதே இடத்தில் தடுமாறிப் பிறகு திருந்தின. ஆபத்தான சரக்குகள் பற்றிய அவர்களுடைய உடன்படிக்கை 1957இல் ஜெனீவாவில் உருவாகி 1968இல் நடைமுறைக்கு வந்தது. பொருளுக்கு ஒன்றாகச் சரக்கு அனுப்புபவர் கொடுத்துவந்த அட்டைகளை 2009இல் கைவிட்டார்கள். எல்லாப் பொருளுக்கும் பொதுவான நான்கு பக்கக் குறிப்பு ஒன்றை வகுத்து, வண்டியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் புரிகிற மொழியில் அதைக் கொடுக்க வேண்டியது வண்டி நிறுவனத்தின் கடமை என்றார்கள். ஓட்டுநர் முதல் சில நிமிடங்களில் செய்ய முடிந்ததை மட்டும் அது சொல்கிறது, தீயணைப்பு வீரரின் வேலையை அவர் தலையில் கட்டுவதில்லை. அமெரிக்காவில் நான்கிலக்க எண்ணைக் கொண்டு உடனே பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் கையேடு ஒன்று காவல், தீயணைப்பு வண்டிகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. நம் நெடுஞ்சாலை ரோந்து வண்டியிலும் 108 ஆம்புலன்ஸிலும் தமிழில் அப்படி ஒன்று இருந்தால், பலகையிலுள்ள எண்ணுக்கு உடனே உயிர் வந்துவிடும். அதற்கு ஆகும் செலவு அச்சுக்கூலிதான்.

பலகையில் ஏற்கெனவே இடமில்லை, ஒரே டேங்கர் மலையாளம், தமிழ், கன்னடம், தெலுங்கு பேசும் ஊர்களைக் கடந்து போகிறது, எத்தனை மொழியில் எழுதுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் வண்டியில் இன்னும் எழுத்தை ஏற்றச் சொல்லாமல், வண்டி போகும் பாதைக்கு அறிவைக் கொண்டுபோகச் சொல்கிறேன். சுத்திகரிப்பு ஆலைகளும் சிலிண்டர் நிரப்பும் நிலையங்களும் இடம் மாறுவதில்லை. கொச்சியிலிருந்து கோவைக்கு, மங்களூருவிலிருந்து தெற்கே, எண்ணூரிலிருந்து மேற்கே என்று டேங்கர்கள் நாள்தோறும் போகும் தடங்கள் எல்லோரும் அறிந்தவை. அந்தத் தடத்திலுள்ள ஊராட்சிகள், பெட்ரோல் பங்குகள், லாரிகள் நிற்கும் ஓட்டல்கள், டோல்கேட் பணியாளர்கள் ஆகியோரிடம் அந்தந்த ஊர் மொழியிலேயே பேசலாம். 1996ஆம் ஆண்டின் வேதி விபத்து விதிகள் மாவட்ட அளவிலும் உள்ளூர் அளவிலும் நெருக்கடிக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. ஆனால் உள்ளூர்க் குழு என்பது தொழிற்பேட்டைக்குத்தான். ஆலை மதிலுக்கு அடுத்த தெருவுக்கு ஒத்திகை உண்டு, அந்த ஆலையின் சரக்கு தினமும் கடந்துபோகும் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடைத்தெருவுக்கு இல்லை. மக்களிடம் சொன்னால் வீண் பீதி கிளம்பும் என்ற அதிகாரிகளின் அச்சத்துக்குச் சாலாவும் அகமதுபூரும் போதிய பதில். அங்கே மனிதர்கள் இறந்தது பீதியால் அன்று.

இனி ஓட்டுநருக்கு வருவோம். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டியை ஓட்ட, எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், மூன்று நாள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது 9ஆம் விதி. ஐரோப்பிய உடன்படிக்கையில் அடிப்படைக்கு 18 பாடவேளை, டேங்கருக்குத் தனியாக 12 பாடவேளை, அதோடு செய்முறையும் உண்டு. நம் பயிற்சி கூட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எல்லாக் குறையையும் பயிற்சியில் கொண்டுபோய் முடிப்பது வசதியான தப்பித்தல். எவ்வளவு நிரப்புவது, எந்நேரம் கிளம்புவது, எப்போது போய்ச் சேர வேண்டும், துணைக்கு ஆள் உண்டா என்பதை ஓட்டுநர் முடிவு செய்வதில்லை. ஸ்பெயினின் லாஸ் அல்ஃபாக்கெஸில் 1978 ஜூலை 11 அன்று புரோப்பிலீன் டேங்கர் வெடித்துக் கடற்கரைக் கூடார முகாமில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓட்டுநர் சுங்கச்சாலையை விட்டுக் கடலோரச் சாலையில் வந்தார் என்பது உண்மை. ஆனால் கலனில் அளவுக்கு மிஞ்சி நிரப்பியது ஆலை. அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இல்லாத கலனைச் சாலையில் விட்டதும் அவர் அல்லர். ஐரோப்பிய உடன்படிக்கை இன்று அனுப்புபவர், நிரப்புபவர், ஏற்றுபவர், இறக்குபவர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடமை வகுத்து, நிறுவனங்கள் தகுதி பெற்ற பாதுகாப்பு ஆலோசகரை வைத்திருப்பதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் 131ஆம் விதியும் வண்டியின் பதிவு, பாதுகாப்புக் கருவிகள், சரியான தகவல், ஓட்டுநரின் பயிற்சி ஆகியவற்றை உறுதிசெய்யும் கடமையை அனுப்புபவர் மீது வைக்கிறது. ஆனால் பயண நேரம், ஓய்வு, துணை ஆள் ஆகியவற்றைப் பற்றி அது பேசுவதில்லை.

இதற்கு வரும் வலுவான மறுப்பு செலவு. 2025 மார்ச்சில் நாமக்கல்லை மையமாகக் கொண்ட எரிவாயு டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புதிய ஒப்பந்தத்தில் அவர்கள் எதிர்த்தவற்றுள் ஒன்று, மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாமல் வண்டி வந்தால் அபராதம் என்ற நிபந்தனை. இரண்டாவது ஆள் வேண்டும் என்பதில் எண்ணெய் நிறுவனங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நெடுந்தூரம் ஓட்டும் ஒருவர் கண்ணயர்ந்தால் பலகையும் அட்டையும் எதையும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அந்த ஆளின் கூலியை வாடகைக் கணக்கில் சேர்க்காமல் அபராதத்தை மட்டும் சேர்த்தால், ஓரிரு லாரி வைத்திருப்பவர் பாதுகாப்பைச் சுமையாகத்தான் பார்ப்பார். இந்தியாவில் எரிவாயு அனுப்புபவர்கள் ஆயிரம் பேர் அல்லர், விரல்விட்டு எண்ணக்கூடிய பெரு நிறுவனங்களே. இரண்டாம் ஓட்டுநரின் சம்பளம், ஓய்வுக்கான மணிநேரம், ஊருக்குள் நுழையாமல் சுற்றிப்போகும் தூரத்துக்கான டீசல் ஆகியவற்றை வாடகை விகிதத்திலேயே எழுதும் கடமையை 131ஆம் விதியில் அவர்கள் மீது வைக்கலாம். அதனால் சிலிண்டர் விலையில் சிறு ஏற்றம் வந்தால் அதை நுகர்வோர் தாங்குவதே முறை. நம் அடுப்புக்காகத்தான் அந்த வண்டி ஓடுகிறது. சோதனைக்கும் இது எளிது. ஆர்.டி.ஓ. அதிகாரி நெடுஞ்சாலையில் ஆயிரம் வண்டிகளுக்கு நடுவே ஒரு டேங்கரை மறித்துச் சோதிப்பது அரிது. நிரப்பும் நிலையத்தின் வாசலிலோ ஒவ்வொரு டேங்கரும் நின்றே ஆக வேண்டும். இரண்டு ஓட்டுநர்கள் இருக்கிறார்களா, முந்தைய பயணம் எப்போது முடிந்தது, டிரெய்லரை இழுவண்டியோடு இணைக்கும் பாகத்தில் விரிசல் உண்டா என்று அங்கே பார்த்துவிட்டு, குறையிருந்தால் வாயுவை ஏற்றாமல் திருப்பி அனுப்பலாம். அனுப்பாமல் ஏற்றிவிட்டால் அதற்கான வழக்கு நிரப்பிய நிறுவனத்தின் பெயரில் பதிவாக வேண்டும்.