யூரோவிஷன் பாடல் போட்டி முடிவுகள்: வாக்கும் கணக்கீட்டு விதியும்

ஆய்வுச் சுருக்கம்

யூரோவிஷன் பாடல் போட்டியின் முடிவுகளை அண்டை நாட்டு உறவின் விளைவாகவோ அரசியல் சார்பின் விளைவாகவோ மட்டும் விளக்கும் போக்கு பரவலாக உள்ளது. அவ்விளக்கத்தின் போதாமையையும், முடிவை உருவாக்குவதில் புள்ளிக் கணக்கீட்டு விதிக்குள்ள பங்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: யூரோவிஷன், நடுவர் குழு, பார்வையாளர் வாக்கு, புள்ளி விதி.

முன்னுரை

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளுடன் இப்போட்டியைத் தொடங்கியது. 2016 முதல் இறுதிச் சுற்றில் ஒவ்வொரு நாட்டின் நடுவர் குழுப் புள்ளிகளும் பார்வையாளர் புள்ளிகளும் தனித்தனியே அளிக்கப்படுகின்றன. இவ்விரு பட்டியல்களையும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் அணுகுமுறையாகும்.

புள்ளி விதி

ஒவ்வொரு பட்டியலிலும் முதல் பத்து இடங்களுக்கு மட்டுமே 12, 10, பின்னர் 8 முதல் 1 வரை புள்ளிகள் உண்டு. வாக்குகளின் எண்ணிக்கை இங்குத் தர வரிசையாகச் சுருக்கப்படுகிறது. மால்டாவின் 12 புள்ளிகளும் ஜெர்மனியின் 12 புள்ளிகளும் சம மதிப்புடையவை. 2021இல் பிரிட்டன், ஜெர்மனி, ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நான்கும் பார்வையாளர் புள்ளியில் சுழியம் பெற்றன. எவரும் வாக்களிக்கவில்லை என்பது இதன் பொருளன்று. எந்தப் பட்டியலிலும் பத்தாம் இடத்தை எட்டவில்லை என்பதே பொருள்.

அண்டை நாட்டு வாக்கு

கிரேக்கமும் சைப்ரஸும் பல ஆண்டுகளாக ஒன்றுக்கொன்று உயர்ந்த புள்ளிகளை வழங்கி வருவது உண்மையே. எனினும் அண்டை உறவு வெற்றியைத் தீர்மானிக்கும் என்பதற்கு 2017ஆம் ஆண்டு முடிவு இடந்தரவில்லை. போர்ச்சுகலுக்கு நில எல்லை உள்ள ஒரே நாடு ஸ்பெயின். அந்நாடு அளிக்கக்கூடியது அதிகபட்சம் 24 புள்ளிகளே. போர்ச்சுகலோ தன் தாய்மொழிப் பாடலுடன் 758 புள்ளிகள் பெற்று, இரு பட்டியல்களிலும் முதலிடம் பெற்றது.

அரசியல் வாக்கு

கிரிமியத் தாத்தார் மக்கள் 1944இல் நாடுகடத்தப்பட்டதைப் பாடுபொருளாகக் கொண்ட உக்ரைன் பாடல் 2016இல் வென்றது. ரஷ்ய எதிர்ப்பு வாக்கு என அவ்வெற்றியை விளக்குவோர், பார்வையாளர் பட்டியலில் முதலிடம் பெற்ற நாடு ரஷ்யா (361) என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும். நடுவர் பட்டியலில் ஆஸ்திரேலியா (320) முதலிடம் பெற்றது. இரண்டிலும் இரண்டாமிடம் பெற்ற உக்ரைனே (211, 323) மொத்தம் 534 புள்ளிகளுடன் வென்றது.

இதனால் அரசியலுக்கு இடமே இல்லை என முடிவு செய்தலும் பொருந்தாது. போர்ச்சூழலில் நடந்த 2022ஆம் ஆண்டுப் போட்டியில் உக்ரைன் பார்வையாளரிடம் 468க்கு 439 புள்ளிகள் பெற்றது. நடுவர் பட்டியலிலோ 192 புள்ளிகளுடன் நான்காமிடமே பெற்றது. சார்பு உண்டெனக் கருதுவோர்க்கு இத்தகைய இடைவெளியே சான்றாகும். வெற்றி மட்டும் சான்றாகாது.

மக்கள் தீர்ப்பு

2023இல் பார்வையாளரிடம் 376 புள்ளிகள் பெற்ற பின்லாந்து (மொத்தம் 526), சுவீடனிடம் (583) தோற்றது. மக்கள் தீர்ப்பை நடுவர்கள் மாற்றிவிட்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நடுவர்களின் 340 புள்ளிகளே சுவீடனை முன்னிறுத்தின என்பது மெய்யே. ஆயினும் பார்வையாளர் பட்டியலிலும் சுவீடன் 243 புள்ளிகளுடன் இரண்டாமிடத்தில் இருந்தது. எனவே மக்கள் புறக்கணித்த பாடல் வென்றது என்ற கூற்று ஏற்புடையதன்று. மேலும், ஒரே பார்வையாளர் பலமுறை வாக்களிக்க விதி இடந்தந்த நிலையில், பார்வையாளர் பட்டியலையே மக்கள் தீர்ப்பு எனக் கொள்வதிலும் தயக்கம் தேவை.

முடிவுரை

ஒரு தரப்பின் முதல் விருப்பத்தைக் காட்டிலும் இரு தரப்பினரும் ஓரளவு ஏற்கும் பாடலுக்கு இவ்விதி வாய்ப்பளிக்கக்கூடும் என்பது 2016ஆம் ஆண்டு முடிவால் புலனாகிறது. ஆகவே கூட்டுத்தொகையை மட்டும் கொண்டு ஒரு நாட்டு மக்களின் இரசனையையோ பகைமையையோ வரையறுப்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. பிரித்தளிக்கப்பட்ட இரு பட்டியல்களையும் கணக்கீட்டு விதியையும் முதலில் ஆராய்ந்து, அதன் பின்னரே பண்பாட்டு விளக்கத்திற்குச் செல்லுதல் தகும்.