பெரட்டுக் களத்தில் ஒரு திரை

பழைய படமொன்றை எடுத்து நாலு சுவரிலும் பாய்ச்சி, பார்க்க வந்தவரை நடுவில் நிறுத்திவிட்டால் அது கலையாகிவிடாது. பெரும்பாலும் இரைச்சல்தான் மிஞ்சும். காணொளிக் கலை என்றதும் நம்மவர் 'காசுக்காரர் விளையாட்டு' என்று ஒதுங்குவதில் பாதி நியாயம் உண்டு.

ஸ்கொட்லாந்துக் கலைஞர் டக்ளஸ் கோர்டன் செய்தது வேறு. 1993இல் கிளாஸ்கோவில், முன்பு ட்ராம் வண்டிகள் நின்ற கொட்டகையில், ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' (1960) படத்தை 24 மணித்தியாலம் ஓடும்படி மெதுவாக்கித் தொங்கவிட்டார். செக்கனுக்கு இரண்டு சட்டகம், சத்தமும் கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும். அடுத்து என்ன என்ற பதற்றம் போய்விட, ஒரு கை உயர்வதையே கண் வாங்காமல் பார்க்க வேண்டிவருகிறது.

அதே 'சைக்கோ'வைப் பொகவந்தலாவையில் கொண்டுவந்து போட்டா யாருக்கு என்ன? இங்கே போட வேண்டியது வி. பி. கணேசனின் 'புதிய காற்று' (1975). இன்றைய பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள், சரி. ஆனால் கதை தெரியாவிட்டாலும் லயம் தெரியும், மலை தெரியும், கொழுந்துக்கூடையின் பாரம் தெரியும். கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டதும் அந்த 1975இல்தான். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பம் குடும்பமாக ஆட்கள் இந்தியாவுக்கு ஏறிக்கொண்டிருந்த காலம். சட்டகம் சட்டகமாக ஓடவிட்டால், ஓரத்தில் நிற்கும் ஒரு முகம் 'இது எங்க பெரியம்மா' என்று யாரையாவது எழுந்து நிற்க வைக்கலாம்.

அதுவும் போதாது. கொழுந்து பறிக்கும் பெண்ணைத் தேயிலைப் பெட்டியில் உலகமே பார்த்தாயிற்று. அவள் யாரைப் பார்க்கிறாள்?

இங்கேதான் ஈரானின் அப்பாஸ் கியாரொஸ்தமி உதவுகிறார். கர்பலாவை நடித்துக் காட்டும் தஃஸியா, நமக்குப் பழக்கமில்லாத ஷீஆ மரபு. அதை வைத்து அவர் அமைத்த காணொளியில் நாடகம் சின்னத் தொலைக்காட்சியில் ஓடும். பெரிய திரைகளிலோ அதைப் பார்க்கும் ஊர்ச் சனத்தின் முகங்கள். இமாம் ஹுஸைன் (ரழி) அவர்களின் துயரம் அந்தக் கண்களில்தான் நமக்குத் தெரிகிறது.

இப்படி ஒன்றைப் பெரட்டுக் களத்தில் வைக்க வேணும். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. எல்லாரும் கூடுவார்கள், ஆனால் யாருக்கும் சொந்தமில்லை. துரையிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். (மூடுபனி இறங்கினால் வெளிச்சம் பாதி வழியிலேயே தங்கிவிடும். கலைக்கூடங்களில் அந்த அழகுக்காகவே இயந்திரம் வைத்துப் புகை விடுகிறார்கள்!)

ஒரு பெரிய திரையில் லயத்து முகங்கள். மற்றதில் பசார் முகங்கள், அதாவது நாம். எம்.ஜி.ஆர். படத்தைக் கடை முதலாளியும் அவருடைய கடன் கொப்பியில் பேருள்ளவரும் ஒரே இருட்டில் இருந்து பார்த்து ஒரே இடத்தில் கைதட்டியவர்கள்தான். விளக்குப் போட்டதும் கொப்பி கொப்பிதான். அந்தக் கொப்பி இல்லாமல் நம் முகம் எப்படி இருக்கும் என்பதை இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நாம் தயாரா?