‘லாந்து’ என்னும் நிலச்சொல்லும் அதன் தமிழாக்கமும்

பிரெஞ்சு மொழியில் ‘லாந்து’ என்னும் சொல், வளம் குன்றிய மண்ணில் குறும்புதர்கள் மண்டிக் கிடக்கும் வெளியைக் குறிக்கும். பன்மை வடிவில் அதுவே பிரான்சின் தென்மேற்கிலுள்ள மணற்பாங்கான பெருநிலப்பரப்பிற்கும், அங்கு 1790இல் அமைக்கப்பெற்ற மாவட்டத்திற்கும் பெயராயிற்று. ஆங்கிலப் புவியியல் நூல்களில் அருகியே வழங்கும் இச்சொல்லைத் தமிழில் ‘தரிசு’ எனப் பெயர்ப்பது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

1. சொல்லின் போக்கு

இச்சொல் கெல்திய மூலமுடையது. ஆங்கிலம் இதன் பழைய பிரெஞ்சு வடிவத்தைக் கடன்கொண்டபோது அது காட்டிடை வெளியைக் குறித்தது. பின்னர் ‘லான்’ எனத் திரிந்து வீட்டு முற்றத்துப் புல்தரைக்குப் பெயராயிற்று. ஒரு சொல்லே ஓரிடத்தில் புதர்வெளியையும் மற்றோரிடத்தில் செதுக்கிய புல்தரையையும் சுட்டுகிறது. ஆகவே, சொல்லின் பொருளை அதன் மூலம் முடிவு செய்வதில்லை. அது வழங்கும் நிலமும் காலமுமே முடிவு செய்கின்றன எனலாம்.

2. தரிசு என்னும் தீர்ப்பு

லாந்து நிலம் சமதளமானது. மணலின் கீழ் இரும்புச் சத்தால் இறுகிய படிவம் பல இடங்களில் உண்டு. நீர் வடியாது, குளிர்காலத்தில் தேங்கி நிற்கும். இதனால் இடையர்கள் பொய்க்கால்கள் மீதேறி ஆடு மேய்த்தனர். ஆட்டெரு ‘ரை’ தானியம் விளைந்த வயல்களுக்குச் சென்றது. ஏர் படாத நிலம் பயன்படாத நிலமாக இருக்கவில்லை என்பது இதனால் பெறப்படும்.

1857 ஜூன் 19ஆம் நாள் பிறந்த சட்டம், ஊர்ப்பொதுவாயிருந்த இந்நிலங்களை வடிகாலிட்டு மரம் நடுமாறு பணித்தது. நிலம் பைன் காடாயிற்று. பொது மேய்ச்சல் ஒடுங்கியது.

தமிழ்நாட்டு வருவாய்க் கணக்குகளில் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்னும் வழக்குகள் உள்ளன. தரிசு என்பது ஏரையும் வரியையும் அளவுகோலாகக் கொண்ட சொல். லாந்தைத் தரிசு என்று பெயர்ப்பவர், மேய்ப்பவனின் நிலத்தைச் சட்டம் இயற்றியவர்களின் கண்ணால் பார்த்தவராகிறார்.

இப்பெயர்ப்பு இலக்கியத்திலும் இடர் தரும். 1952இல் நோபல் பரிசு பெற்ற பிரான்சுவா மொரியாக்கின் ‘தெரேஸ் தெகேரு’ (1927) நாவலின் களம் லாந்து. அங்கு மூச்சை அடைப்பதும் தீப்பற்றி எரிவதும் பைன் காடு. அங்கே ‘தரிசு’ என்று எழுதினால் கதையின் களமே மறைந்துபோகும்.

3. தேரியும் பீடும்

தமிழில் நெருங்கிய சொல் ‘தேரி’. திருச்செந்தூரை அடுத்த குதிரைமொழித் தேரி போன்ற செம்மணற் பரப்புகளுக்கு இப்பெயர் வழங்குகிறது. பனையும் உடைமரமும் அங்கு வளர்கின்றன. மணலும் இரும்புச் சத்தும் இரண்டிற்கும் பொது. எனினும், தேரி காற்று குவித்த மேடு. லாந்து நீர் தேங்கும் சமவெளி. ஆகவே தேரியை ஒப்புமைக்குக் கொள்ளலாமேயன்றிப் பெயர்ப்பாகக் கொள்ளலாகாது. தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி 1956இல் எழுதிய சாய்னரும் ஆல்ச்சினும் இத்தமிழ்ச் சொல்லை மாற்றாமல் ஆங்கிலத்தில் ஆண்டனர். அந்த நேர்மையை நாமும் பிறமொழி நிலச்சொற்களுக்குக் காட்டுதல் தகும்.

தேரி மணலை விளக்குகிறது. மேய்ச்சலை விளக்க வேறு சொல் வேண்டும். இதற்குத் தெலுங்கு வழக்கு துணைசெய்யும். சித்தூர் மாவட்டத்துக் குடுபல்லி, ஆந்திரமும் தமிழகமும் கருநாடகமும் கூடும் எல்லைப் பகுதியில் உள்ளது. அப்பகுதி கடற்கரை மணலற்ற மேட்டுநிலம். உழாது கிடக்கும் நிலத்தைத் தெலுங்கில் ‘பீடு’ என்பர். கால்நடை மேயும் நிலத்திற்கும் அச்சொல் வழங்கும். இதனைத் தரிசு என்று தமிழாக்கினால் மேய்ச்சற் பொருள் உதிர்ந்துவிடும். அவ்வாறே கடன்கொள்ளவும் இயலாது. தமிழில் ‘பீடு’ பெருமையைக் குறிப்பதாகும். ஆயின் நம் வருவாய் வழக்கிலேயே ‘மேய்க்கால்’ என்னும் சொல் உண்டு. பீட்டின் மேய்ச்சற் பொருளுக்கு அதுவே ஈடாகும்.

4. முடிவு

ஒரு சொல்லுக்கு ஒரே நிகரன் என்னும் கொள்கை இங்கு உதவாது. இயற்பெயராயின் ‘லாந்து’ என ஒலிபெயர்க்கலாம். நில அமைப்பைச் சுட்டும் இடத்தில் ‘மணற்புதர்வெளி’ எனலாம். 1857க்கு முற்பட்ட ஊர்ப்பொது நிலமாயின் ‘மேய்க்கால்’ பொருந்தும். பிற்பட்ட நிலையாயின் ‘லாந்துக் காடு’ எனல் வேண்டும். தரிசு என்னும் சொல்லை அந்நிலத்தைப் பழித்தோர் கூற்றுக்கு மட்டும் ஒதுக்கி வைப்பதே முறை. அவ்வாறு செய்தால், அந்நிலத்தில் வாழ்ந்தவர்கள் தமிழில் காணாமற்போகமாட்டார்கள்.