தேசிங்கு கதையில் அவலமும் கருணையும்

அங்காளபரமேசுவரி கோயில் கொண்ட மேல்மலையனூர்ப் பகுதியில் வளரும் சிறுவர் செவிவழி அறியும் பழங்கதைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. ஒன்று, பிரமன் தலையைக் கொய்த சிவபெருமான் கையில் ஒட்டிய கபாலம் அவ்வூரில் நீங்கிற்று என்னும் தலவரலாறு. மற்றொன்று, அண்மையிலுள்ள செஞ்சிக் கோட்டையை நிலைக்களனாகக் கொண்ட தேசிங்குராசன் கதை. பின்னதே இக்கட்டுரையின் பொருளாகும். இக்கதைப்பாடல் சிறுவர்க்கெனவே இயற்றப்பட்டதன்று. ஆயினும், ‘பெரிய எழுத்து’ நூலாக அச்சேறி, எழுத்துக்கூட்டிப் படிப்போர் கையிலும் முதியோர் வாயிலும் பயின்று, சிறுவர் இலக்கியமாகவே வாழ்ந்துவந்துள்ளது. குடும்பத் துயர் பகையாக முதிராது பரிவாக மாறும் இயல்பை இஃது எங்ஙனம் காட்டுகிறது என்பது ஆராயற்பாலது.

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன் வகுத்தார். உரைவகுத்த பேராசிரியர், அவலத்தைத் தானே அவலித்தல், பிறர் அவலங்கண்டு அவலித்தல் என இருவகைப்படுத்தி, அவற்றுள் ஒன்றைக் கருணை என வேறுபடுத்துவர். இவ்வேறுபாடே இக்கதையைத் திறக்கும் திறவுகோல் என்க. தன் இழவையே எண்ணி நிற்கும் உள்ளம் பழிக்குரியாரைத் தேடும். பிறர் இழவையும் தன் இழவாக உணரும் உள்ளத்திற்கோ பழியினும் பரிவே பெரிதாகும்.

கதையின் தொடக்கமே குடும்பத் துயராகும். தில்லிப் பாதுசாவின் அடங்காக் குதிரையை அடக்க இயலாமையால் தேசிங்கின் தந்தை சிறைப்படுகிறார். மகன் தில்லி சென்று அக்குதிரையை அடக்கித் தந்தையை மீட்கிறான். ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. தந்தையைச் சிறையிட்டவன் இசுலாமிய வேந்தன். மகனின் உயிர்த்தோழனும் இசுலாமியனே. கதை மாவுத்துக்காரன் என வழங்கும் அவனை வரலாற்று நூலார் மகபத்கான் என்பர். தந்தை பட்ட துன்பத்தைக் காரணமாக்கி ஓர் இனத்தையே வெறுக்கும் வழி கதைக்குத் திறந்தே இருந்தது. கதை அவ்வழிச் செல்லவில்லை. பாதுசா செய்த கொடுமை பாதுசாவோடு நின்றுவிடுகிறது. தோழன்மேல் அதன் நிழலும் படியவில்லை. ‘வெறுப்பை விடுக’ என்று அறிவுரை கூறாமலே, வெறுப்பு மரபுரிமையாக இறங்க வேண்டுவதில்லை என்பதைக் கதைப்போக்கே உணர்த்திவிடுகிறது.

இறுதிப் பகுதி இதனினும் ஆழமானது. போர்ச்செய்தி எட்டியதும் மாவுத்துக்காரன் தன் மணப்பந்தலினின்று எழுந்து களம் புகுகிறான், அங்கே மாய்கிறான். தோழன் வீழ்ந்தமை அறிந்து தேசிங்கு புலம்பும் இடத்தில், தந்தையின் சிறைக்கு வருந்திய மகன் பிறர் குடிப்பிறந்தான் இழவுக்கு வருந்துகிறான். அவலம் கருணையாக முதிர்வது அவ்விடத்தேயாகும். கேட்கும் சிறுவனும் அவனோடு சேர்ந்தே அழுகிறான்.

வரலாறும் இதற்கு மாறன்று. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாறு முதலிய நூல்களால், பூசலுக்கு அடிப்படை நிலுவை வருவாயும் ஆட்சியுரிமையுமே எனத் தெளிகிறோம். 1714-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சாததுல்லாகானோடு பொருது தேசிங்கு மாண்டான். அவனோடு தீப்புகுந்த மனைவியின் நினைவாக நவாபே இராணிப்பேட்டையை நிறுவினான் என்பது வழக்கு. வென்றவனும் தோற்றவன் குடும்பத்தின் இழவைப் போற்றினான் என்றே மக்கள் நினைவு அவனைக் காத்துவைத்துள்ளது.

எனவே, தோழனை நீக்கி, இந்து மன்னனுக்கும் இசுலாமிய நவாபுக்கும் நிகழ்ந்த போர் என இக்கதையைச் சுருக்கிச் சொல்வது பெரும்பிழையாகும். அங்ஙனம் சுருக்கின் அவலம் மட்டுமே எஞ்சும், கருணை மறையும். கதை எந்த நோய்க்கு மருந்தோ அந்த நோயையே அது பரப்புவதாக முடியும். செஞ்சிக் கோட்டை 2025-ஆம் ஆண்டு மராத்தியப் போர்க்கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக யுனெசுகோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அங்கு வரும் சிறுவர்க்கு இக்கதை மீண்டும் மீண்டும் சொல்லப்படும். எவ்வடிவில் சொல்லப்படும் என்பது தமிழ் பயில்வோர் கருதவேண்டிய வினாவாகும்.

கதையின் குறையையும் மறைத்தல் ஆகாது. இராணிபாய் தீப்புகுதலை அது புகழ்ச்சிக்குரியதாகவே போற்றுகிறது. சென்னை மாகாணத்தில் 1830-இலேயே தடைசெய்யப்பட்ட அவ்வழக்கத்தைச் சிறுவர்க்கு வீரமெனக் காட்டல் தகாது. அதனை நீக்கிவிடுதலும் தகாது. நீக்கின் ஒரு பெண்ணின் இழவு அடியோடு மறைக்கப்படும். அவள் துயரையும், மணப்பந்தலில் தனித்து நின்ற மற்றொருத்தியின் துயரையும் உசாவுமாறு சிறுவரைத் தூண்டுதலே நெறி. ஆடவர் இருவரிடையே மலர்ந்த கருணை பெண்டிர்பாலும் செல்லும்போதே கதை நிறைவுறும்.

மேல்மலையனூர்த் தலவரலாற்றில் கபாலம் கொய்தவன் கையிலேயே ஒட்டிற்று. அவன் மக்கள் கையில் அன்று. முன்னோர் பகையைச் சிறார் கையில் ஒட்டவைப்போர் அப்பழங்கதையின் நேர்மையையும் இழந்தவராவர். தேசிங்கு கதையை முழுமையாகச் சொல்வோர் அக்குற்றத்தினின்று நீங்குவர்.