நோக்கம் முன்னே, செயல் பின்னே

கிளிங்கான் மொழியின் வினைச்சொல்லுக்குக் கடைசியில் வந்து ஒட்டும் பின்னொட்டுகளில் ‘மெஹ்’ என்பது ஒன்று. ஓரசைதான். அதன் இறுதி ஹகரம் அண்ணத்தின் பின்பக்கம் உரசிக்கொண்டு வெளிப்பட வேண்டும். எந்த வினையோடு சேர்ந்தாலும் ‘இதைச் செய்யும்பொருட்டு’ என்ற பொருளை அது தந்துவிடும். அந்த மொழியில் நான் மிகவும் ரசிப்பது இந்தச் சிறு உறுப்பைத்தான்.

‘ஸ்டார் டிரெக்’ கதையுலகில் வரும் போர்க்குணம் மிக்க வேற்றுக்கிரக இனத்தாரின் மொழி கிளிங்கான். 1979-இல் வந்த முதல் திரைப்படத்தில் அவர்கள் பேசிய சில சொற்களுக்கு நடிகர் ஜேம்ஸ் டூஹன் ஒலி கொடுத்தார். 1984-இல் வெளியான மூன்றாவது படத்துக்காக மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட் அந்தச் சொற்களிலிருந்து தொடங்கி முழு இலக்கணத்தையே கட்டினார்; அவருடைய அகராதி 1985-இல் வெளிவந்தது. கலிபோர்னியாவின் பூர்வகுடி மொழிகளில் ஒன்றான முட்சுனின் இலக்கணத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். ஒரு மொழிக்குள் எத்தனை மூட்டுகள் தேவை என்பதை நெருங்கிப் பார்த்த கை அது. கிளிங்கான் வினைச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அந்தக் கைத்திறன் தெரிகிறது.

வினைப் பின்னொட்டுகளை அவர் ஒன்பது வகையாக வரிசைப்படுத்தியிருக்கிறார். ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒன்றுதான் வரலாம், வரிசையும் மாறக்கூடாது. எதிர்மறை, அழுத்தம் போன்ற சில மட்டும் வரிசைக்குக் கட்டுப்படாமல் இடம் மாறி அமரும். மெஹ் கடைசி வகையான ஒன்பதாவதைச் சேர்ந்தது. காரணம், நிபந்தனை, ‘செய்தவுடன்’ என்னும் காலக்குறிப்பு, வினா ஆகியவற்றைக் காட்டும் ஒட்டுகளும் அதே வகையில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரு வினை நோக்கத்தைச் சொல்லலாம், அல்லது காரணத்தைச் சொல்லலாம். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்ல முடியாது. இந்தக் கறார்த்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

தமிழ்க் காதுக்கு இதன் நயம் இன்னும் கூடுதலாகப் பிடிபடும். நம் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் மூன்று வேலை பார்க்கிறது. ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்பதில் காரணம். ‘ஞாயிறு பட வந்தான்’ என்பதில் உடனிகழ்ச்சி. ‘உண்ண வந்தான்’ என்பதில் நோக்கம். வடிவம் ஒன்றுதான், பொருளை இடம் பார்த்து நாம் உணர்ந்துகொள்கிறோம். கிளிங்கானில் இம்மூன்றுக்கும் தனித்தனி ஒட்டு. நோக்கத்துக்கென்றே ஒதுக்கிய ஈறுகள் நம்மிடமும் இருந்தன: ‘வான், பான், பாக்கு’ என்று நன்னூல் எண்ணிக் காட்டும் எச்ச ஈறுகள் அவை. உண்ணும்பொருட்டு வந்தான் என்பதை ‘உண்பான் வந்தான்’ என்று அன்று சொல்ல முடிந்தது. இன்று அவை பேச்சில் இல்லை.

ஒரு வாக்கியத்தைப் பார்ப்போம். ‘நான் சாப்பிட அப்பா சமைக்கிறார்’ என்பதை கிளிங்கானில் ‘ஜிஷோப்மெஹ் வுத் வவ்வி’ எனலாம். ‘ஷோப்’ என்றால் சாப்பிடு. முன்னால் நிற்கும் ‘ஜி’ நான் என்னும் எழுவாயைக் காட்டுகிறது. தமிழில் ‘சாப்பிட’ என்பதை மட்டும் தனியே எடுத்தால் யார் சாப்பிட என்பது தெரியாது. கிளிங்கானிலோ உண்பவர் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார். ‘ஜி’ போய் ‘ம’ வந்தால் ‘நாங்கள் சாப்பிட’ என்று ஆகிவிடும். நோக்கத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், அதற்காக உழைப்பவர் இன்னொருவர். ஒரு சிறு வாக்கியம் இந்த இருவரையும் குழப்பமில்லாமல் பிரித்து வைக்கிறது.

அதே வாக்கியத்தில் சொற்கள் நிற்கும் வரிசையையும் பாருங்கள். ‘வுத்’ என்றால் சமை. ‘வவ்வி’ என் அப்பா. எழுவாய் கடைசியில் நிற்கிறது. செயப்படுபொருள், வினை, எழுவாய் என்பதுதான் கிளிங்கானின் வரிசை. மனித மொழிகளில் இது மிக அரிது. பிரேசிலின் ஹிஷ்கரியானா போன்ற சில மொழிகளில்தான் காணலாம். வேற்றுக்கிரகத் தன்மை வேண்டுமென்றே ஓக்ராண்ட் இதைத் தேர்ந்தார். ஆனால் மெஹ் ஏற்ற சொல் மட்டும் தான் தழுவும் வினைக்கு முன்னால்தான் வர வேண்டும், நம் ‘உண்ண வந்தான்’ போலவே. எதற்காக என்பது முதலில், என்ன செய்கிறார் என்பது அடுத்து, செய்கிறவர் யார் என்பது கடைசியில். எண்ணி முடித்துவிட்டுக் களத்தில் இறங்கும் இனத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கிய அமைப்பு வாய்க்காது.

மெஹ் வராத இடமும் ரசிக்கத்தக்கது. ‘சாப்பிட வந்தேன்’, ‘சாப்பிட விரும்புகிறேன்’ இரண்டிலும் தமிழில் ஒரே ‘சாப்பிட’. கிளிங்கானில் முதலாவதற்குத்தான் மெஹ் உண்டு. இரண்டாவது, ‘ஜிஷோப் விநெஹ்’: நான் சாப்பிடுகிறேன், அதை விரும்புகிறேன் என்று இரண்டு வாக்கியங்கள் அருகருகே நிற்கும் அமைப்பு. விரும்புவதற்காக யாரும் சாப்பிடுவதில்லை, சாப்பிடும்பொருட்டு விரும்புவதும் இல்லை. விருப்பம் வேறு, நோக்கம் வேறு என்பதை இலக்கணமே பிரித்துக் காட்டிவிடுகிறது.

பின்னொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது சொல் இன்னும் நுணுக்கமாகிறது. ‘ஷுவ்’ என்றால் போரிடு. ‘ருப்’ ஆயத்தத்தைக் குறிக்கும் ஒட்டு. ‘ஷுவ்ருப்மெஹ்’ என்றால் ‘போருக்கு ஆயத்தமாக இருக்கும்பொருட்டு’. ஆயுதமோ இயந்திரமோ ஆயத்தமாக இருந்தால் ‘ருப்’ வராது, ‘பெஹ்’ என்ற வேறொரு ஒட்டு வரும். வீரனின் ஆயத்தமும் அவன் கருவியின் ஆயத்தமும் ஒன்றல்ல என்று ஓரசையில் வேறுபடுத்துவது எவ்வளவு அழகு!

சாவதற்கு இன்றைய நாள் உகந்தது என்ற கருத்தில் கிளிங்கான் வீரர்கள் சொல்வதாக ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. அதன் முதல் சொல் ‘ஹெக்லுமெஹ்’. ‘ஹெக்’ சாவு; ‘லு’ எழுவாய் யாரென்று குறிக்காமல் விடும் ஒட்டு; கடைசியில் நம் மெஹ். ‘நான் சாவதற்கு’ என்று அந்த வீரன் சொல்வதில்லை. சாகப்போவது அவனாகவும் இருக்கலாம், எதிரே நிற்பவனாகவும் இருக்கலாம். அந்த ‘லு’ இல்லாவிட்டால் அது தனி ஒருவனின் வீரப்பேச்சாகச் சுருங்கியிருக்கும் என்பது என் கருத்து.

மெஹ் வினையை மட்டும் தழுவுவதில்லை, பெயரையும் தழுவும். கிளிங்கான் சிறுவர்கள் பழகும் கத்திக்குப் பெயர் ‘கோஜ்மெஹ் தஜ்’, அதாவது கற்கும்பொருட்டான கத்தி. இங்கே கற்பவர் யார் என்ற குறி தேவையில்லை. கத்தியின் பயன்தான் முக்கியம். தமிழில் குடிநீர், எழுதுகோல் என்று வினைத்தொகையாக்கி நோக்கத்தை உள்ளே மறைத்துவிடுகிறோம். கிளிங்கான் அதை வெளிப்படையாக ஒட்டிக் காட்டுகிறது. இதில் ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது. புதிய வேர்ச்சொற்களைத் தருவது ஓக்ராண்டின் பொறுப்பு என்று விட்டுவிடுவதே அம்மொழியைப் பேசுவோரின் மரபு. அதனால் கையிலிருக்கும் சொற்களைக் கொண்டே அவர்கள் புதுப் பொருள்களைக் குறிக்க வேண்டியிருக்கிறது. வாசி என்பதற்கு ‘லட்’ என்ற வினை உண்டு. ‘லட்மெஹ்’ என்று தொடங்கி, அறைக்கு உரிய சொல்லை அதன்பின் சேர்த்தால் போதும், அகராதியில் ஒரு சொல்லும் கூடாமலே வாசிப்பறை கிடைத்துவிடுகிறது.