பிச்சாவரத்தின் மீன்முள் கால்வாய்கள்: பலமும் குறையும்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 1,100 ஹெக்டேர். 1970கள் வரை அங்கே பகுதி பகுதியாக மரங்கள் மொட்டையடிக்கப்பட்டன. வெயில் நேராகப் பட்ட களிமண் ஈரமிழந்து சுருங்கியதால் தரை தாழ்ந்து பள்ளமானது. உள்ளே வந்த ஓதநீர் வடிய வழியின்றித் தேங்கி ஆவியாக, மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போனது, கன்றுகள் கருகின. பழியோ விறகு வெட்டியவர்கள் மீதும் மாடு மேய்த்தவர்கள் மீதும் விழுந்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் எடுத்த சீரமைப்பின் சிறப்பு, நோயைச் சரியாகக் கண்டதுதான். நடவுக்கு முன்னர் நீரோட்டம் திருத்தப்பட்டது. இயற்கை ஓடையிலிருந்து ஒரு முதன்மைக் கால்வாய், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள் என மீன்முள் வடிவில் வெட்டி, கரைச்சரிவில் வெண்கண்டல் கன்றுகள் நடப்பட்டன. ஓதம் ஒரு மீட்டருக்குள்ளேயே ஏறியிறங்கும் இந்தக் கரையில், சரிவில் கன்று நிற்கும் உயரம் சில சென்டிமீட்டர் பிசகினாலும் போதும்: மேலே நட்டால் காயும், கீழே நட்டால் அழுகும். பள்ளத்து உப்பு குறைந்து காடு மீண்டது. பின்னர் முத்துப்பேட்டையிலும் இம்முறை கைக்கொள்ளப்பட்டது.

குறைகளும் சிறியவை அல்ல. ஓதம் சுமந்துவரும் வண்டல் கால்வாயைத் தூர்க்கிறது. தூர்வாராவிட்டால் நீர் மறுபடி தேங்கும். உப்பைத் தாங்கும் வெண்கண்டலே பெரும்பாலும் நடப்படுவதால் காட்டின் பன்மை குன்றுகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை நன்னீர்ப் பற்றாக்குறை. மேட்டூர் முதல் கீழணை வரை தேக்கியும் பிரித்தும் எடுத்தபின் எஞ்சும் வெள்ளமே கொள்ளிட முகத்துவாரத்தை எட்டுகிறது. இந்தப் பற்றாக்குறையைக் காட்டுக்குள் தோண்டும் எந்தக் கால்வாயாலும் ஈடுசெய்ய முடியாது.

கடலோரப் பாதுகாப்பு பற்றிய பேச்சிலும் நிதானம் தேவை. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்கள் தப்பியதாக ஆய்வுகள் கூறின. அதே தரவுகளை மறுபடி அலசியவர்களோ, ஊர்களின் மேடும் கடலிலிருந்து அவை இருந்த தொலைவுமே அந்த வேறுபாட்டில் பெரும்பங்கை விளக்கிவிடுவதாகக் காட்டினர். அன்றாட அலையைத் தணிக்கவும் சேற்றைப் பிடித்துவைக்கவும் சுரபுன்னைக் காடு வல்லது. அதைச் சுனாமிச் சுவராக எண்ணி, புயல் காப்பிடத்தையும் முன்னெச்சரிக்கையையும் தளர்த்துவது ஆபத்து. சுனாமிக்குப் பின் மணற்கரைகளில் சவுக்கு நட்டது இதைவிடப் பிழையானது. மணல்மேடே அங்கே இயற்கை அரண். பங்குனி ஆமைகள் முட்டையிடும் இடமும் அதுவே.

ஆகவே கழிமுகச் சீரமைப்பை நட்ட கன்றுகளின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. தூர்வாரும் செலவும் ஆற்றுநீர்ப் பங்கும் மதிப்பீட்டில் இடம்பெறாத திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தரலாகாது.