எழுவாய் யார்? எம்-பெசா ஆய்வை முன்வைத்து

புள்ளிவிவரமும் ஒரு பிரதிதான். நம்புவதா தள்ளுவதா என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அதை வாசித்தாக வேண்டும். 2016 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் தவ்னீத் சூரி (எம்.ஐ.டி.), வில்லியம் ஜாக் (ஜார்ஜ்டவுன்) எழுதிய கட்டுரை அப்படிப்பட்டது. கென்யாவில் 2007இல் சஃபாரிகாம் தொடங்கிய செல்பேசிப் பணமான எம்-பெசா பற்றியது. நைரோபியில் வேலை பார்ப்பவர் பெட்டிக்கடை முகவரிடம் ரொக்கம் கொடுக்கிறார். அது போனில் எண்ணாகி ஊருக்குப் போகிறது. அங்கே அம்மா இன்னொரு கடையில் காசாக்கிக்கொள்கிறாள். முன்பு இதே காசு பஸ் டிரைவர் கையில் போனது.

கட்டுரையின் முடிவு இது: எம்-பெசா 1,94,000 குடும்பங்களை, அதாவது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதத்தை, வறுமையிலிருந்து தூக்கிவிட்டது, 1,85,000 பெண்களை விவசாயத்திலிருந்து வியாபாரத்துக்கு மாற்றியது.

எண்கள் பொய் என்று சொல்ல வரவில்லை. 2008 முதல் 2014 வரை திரும்பத் திரும்பக் கணக்கெடுத்து, அருகில் முகவர்கள் பெருகிய வீடுகளை அவ்வளவாகப் பெருகாத வீடுகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். உழைப்பு இருக்கு. நமது சந்தேகம் வாக்கியத்தின் மேல். ‘தூக்கிவிட்டது.’ சரி, எது?

நம் இலக்கணம் மூன்றாம் வேற்றுமைக்குள்ளேயே கருவியையும் கருத்தாவையும் பிரித்து வைக்கிறது. ‘வாளால் வெட்டினான்’ என்பதில் வாள் வேறு, வெட்டியவன் வேறு. ‘வாள் வெட்டியது’ என்று எழுதிவிட்டால் கை காணாமல் போகிறது.

காணாமல் போன கை யாருடையது? இதே இருவர் 2014இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில் அது தெரிகிறது. நோய், வேலையிழப்பு என்று அடி விழுந்தபோது எம்-பெசா இல்லாத குடும்பங்களின் நுகர்வு 7 சதவீதம் குறைந்தது. அது இருந்தவர்களுக்குக் குறையவில்லை. காரணம், சொந்தபந்தமும் சிநேகிதர்களும் அனுப்பிய பணம். அனுப்பியவன் தன் சாப்பாட்டில் எதைக் குறைத்துக்கொண்டு அனுப்பினான்? 2016இன் கதையாடலில் அவனுக்கு இடமே இல்லை. எழுவாயில் கருவி உட்கார்ந்துகொண்டது.

அதே போனில் 2012இல் எம்-ஷ்வாரி என்ற பெயரில் கடன் வந்தது, 2019இல் ஃபுலிசா என்ற பெயரில் மிகைப்பற்று வந்தது. தொடங்கிய சிறு கடைகளில் எத்தனை மூடப்பட்டன, புதுக் கடையால் பழைய கடைக்காரி என்ன ஆனாள், கடன் எவ்வளவு என்பதெல்லாம் கணக்கில் இல்லையே என்று 2019இல் மில்ஃபோர்ட் பேட்மனும் இருவரும் எதிர்வினை எழுதினார்கள். 2014இல் முடிந்த கணக்கெடுப்பு 2019இன் கடனைச் சொல்ல முடியாதுதான். ஆனால் 1,94,000 என்ற எண், காலம் கழன்றுபோய், எல்லாக் காலத்துக்குமான சான்றாகத் திரிகிறது.

கடன் கட்டத் தவறினால் மட்டும் வாக்கியம் மாறுகிறது. அப்போது எம்-பெசா யாரையும் கீழே தள்ளுவதில்லை. தவணை தவறியோர் பதிவில் மனிதர்களின் பெயர் வருகிறது. எழுவாயாக ஆவதற்கு அவர்கள் கடனாளியாக வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வு இந்த இலக்கணத்தை எழுதிக்கொடுத்ததா, அதற்கு இரையானதா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.